வேகமான சார்தாஷும் வீங்கிய மணிக்கட்டும்

2023 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. மூன்று ஆட்கள் தோளில் பட்டை மாட்டிக்கொண்டு ஒரு பழைய பியானோவை என் வீட்டுக்கு, இரண்டாவது மாடிக்கு, ஏற்றினார்கள். ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டின் எட்டாவது வட்டாரத்தில் ஒரு பழைய கட்டடத்தில் குடியிருக்கிறேன். நடுவில் முற்றம், அதைச் சுற்றி ஒவ்வொரு மாடியிலும் திறந்த நடை, அந்த நடையில்தான் எல்லா வீட்டு வாசலும். நம் ஊர் முற்றம் வைத்த வீட்டை நான்கு மாடிக்கு உயர்த்தியது போல இருக்கும். கீழ்வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். எனக்கு மனசு நிறைந்திருந்தது. ஜூன் மாதத்துக்குள் பிராம்ஸ் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளரின் ஐந்தாம் ஹங்கேரிய நடனத்தை இதில் வாசித்துவிடுவேன் என்று முழுதாக நம்பினேன். அந்த நம்பிக்கையில் செலவானதைக் கூட்டிப் பார்த்தால் நாலே முக்கால் லட்சம் ஃபோரிண்ட். நம் ரூபாயில் ஒரு லட்சத்துக்கு மேல். அதோடு வலது கையில் நான்கு மாத வலி. அந்தச் சமயத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஒருவரும் இல்லை. என்னைப்போலப் பெரியவர்களான பிறகு, தனியாக, இந்த மாதிரி ஒரு நடன இசையைப் பியானோவில் கற்க ஆசைப்படுகிறவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதுரையில் பள்ளியில் படித்த காலத்தில் ஐந்து வருடம் கீபோர்டு வகுப்புக்குப் போனேன். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் நான்காம் கிரேடு வரை எழுதினேன். பிறகு கல்லூரி, வேலை என்று பதினாறு வருடம் தொடவே இல்லை. 2022 செப்டம்பரில் இங்கே ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்து வந்தேன். டிசம்பரில் அலுவலக விருந்து நடந்த உணவகத்தில் நான்கு பேர் வாசித்தார்கள். ஒரு முதல் வயலின், அதற்குத் துணை வயலின், நின்றபடி வாசிக்கும் பெரிய பேஸ், அப்புறம் சிம்பலோம். சந்தூரைப் பார்த்திருப்பீர்களே, அதைப்போல இரண்டு குச்சிகளால் கம்பிகளைத் தட்டி வாசிப்பதுதான் சிம்பலோம். ஆனால் மேசை அளவுக்குப் பெரியது, பியானோவைப் போலக் கால்மிதியும் உண்டு. இந்தப் பெரிய வடிவத்தை 1874-இல் இதே ஊரில் ஷுன்டா என்ற கருவி செய்பவர் உருவாக்கினார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர்கள் எடுத்த இசை முதலில் பெருமூச்சு விட்டு விட்டுக் கதை சொல்வதுபோல இழுத்து இழுத்துப் போனது. எந்த இடத்தில் மாறியது என்றே பிடிபடவில்லை, திடீரென்று மேசைக் கோப்பைகள் அதிரும்படி ஓட ஆரம்பித்தது. பக்கத்திலிருந்த சக ஊழியர், "இதுதான் சார்தாஷ்" என்றார். ஹங்கேரிய நடன இசை அது. பெயர் சார்தா என்ற சொல்லிலிருந்து வந்தது, சார்தா என்றால் சாலையோரச் சத்திரம். மெதுவாகப் போகும் பகுதி லாஷ்ஷூ, வேகமாகப் போகும் பகுதி ஃப்ரிஷ். எனக்குக் காதில் நின்றது ஃப்ரிஷ் மட்டும்தான். ஜூனில் அலுவலக ஆண்டு விழாவில் யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம் என்று அன்றைக்கே பேச்சு வந்தது. நான் கை தூக்கினேன்.

முதல் பணம் போன கதை பியானோ வாங்கியது. இங்கே பழைய பியானோக்கள் மலிவு. வீட்டைக் காலி செய்பவர்கள், பாட்டி தாத்தா இறந்துபோன குடும்பங்கள் எல்லாம் விளம்பரம் போட்டு விற்கிறார்கள். அந்த விளம்பரங்களில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பான்ட்சேல்தோகேஷ், அதாவது கம்பியின் முறுக்காணிகள் இறங்கியிருக்கும் மரக்கட்டையை இரும்புச் சட்டம் முழுவதுமாக மூடியிருக்கிறது. கெரெஸ்ட்ஹூரோஷ், கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகின்றன. மூன்றாவது, உள்ளே இருக்கும் சுத்தியல் அமைப்பு ஆங்கில முறையா, பழைய வியன்னா முறையா என்பது. இந்த மூன்றும் நல்லபடியாக இருந்தால்தான் விலைக்கு அர்த்தம் உண்டு என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் பார்த்தது கறுப்புப் பளபளப்பு, முன்பக்கத்தில் இரண்டு பித்தளை மெழுகுவத்தித் தாங்கிகள், 1,40,000 ஃபோரிண்ட் என்ற விலை. விற்றவர் ஒரு கார்டு, அதாவது சில சுரங்களைச் சேர்த்து ஒரே அடியாக, வாசித்துக் காட்டினார், நன்றாகத்தான் கேட்டது. தூக்கி வர 70,000. சுதி சேர்க்க வந்தவருக்கு 25,000. மூன்றாவது வாரமே நடுப்பகுதியில் ஏழெட்டுச் சுரங்கள் இறங்கிவிட்டன. அவர் மறுபடி வந்து, சாவியை ஆணியில் மாட்டி லேசாகத் திருப்பினார். எதிர்ப்பே இல்லாமல் சுழன்றது. தலையை ஆட்டிவிட்டு, மரம் காய்ந்து ஆணி பிடிமானம் விட்டுப்போச்சு, இதைச் சரிசெய்கிற செலவுக்கு வேறு பியானோவே வாங்கலாம் என்றார். குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடாக்கி ஓடி ஓடிக் காற்று வறண்டுவிடுவது இந்தப் பழைய மரங்களுக்கு ஆகாது. அவர் இரண்டாவது வருகைக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

இதில் நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பழைய பியானோ பார்க்கப் போகும்போது சுதி சேர்ப்பவரைக் கூடக் கூட்டிப் போங்கள். பார்த்துச் சொல்ல அவருக்குக் கொடுக்கும் பணம், பின்னால் ஆகப்போகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இலவசமாகவே கிடைத்தாலும் எடுக்காதீர்கள், ஏனென்றால் வேண்டாம் என்று தோன்றும் நாளில் அதை வெளியே அனுப்பவும் பணம் வேண்டும். எனக்கு அதற்கு 60,000 ஆனது. இப்போது வைத்திருப்பது 88 கட்டைகள் உள்ள மின்பியானோ. கட்டைகள் அசல் பியானோவைப்போலக் கனமாக இறங்கும், காதொலிக்கருவி மாட்டிக்கொண்டு நள்ளிரவிலும் வாசிக்கலாம். மதுரையில் நான் வாசித்த மாதிரி 61 கட்டை கீபோர்டு இந்த இசைக்கு உதவாது. இதில் இடதுகை அடி ஆழத்துக்குத் தாவிப் போகிறது, அதோடு விரலின் கனத்துக்குத் தக்கபடி ஒலி மாறாத கருவியில் நடன இசையைக் கற்றால் விரல்கள் பொய்யைப் பழகிக்கொள்ளும்.

அடுத்தது நோட்டு, அதாவது அச்சிட்ட இசைக் குறிப்பு. கடைக்குப் போய் ஐந்தாம் நடனம் என்று கேட்டேன், கொடுத்தார்கள். அதை விரித்த பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. பிராம்ஸ் இந்த நடனங்களை முதலில் எழுதியது ஒரே பியானோவில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க. மொத்தம் 21. முதல் பத்து 1869-இல் வந்தன, மீதி 1880-இல். 1872-இல் முதல் பத்தையும் அவரே ஒரு ஆள் வாசிக்கும்படி மாற்றினார். நான்கு கைகள் செய்த வேலையை இரண்டு கைகளில் அடைத்தது அது. ஆக்டேவ்களும் (ஒரே சுரத்தை மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் சேர்த்து அடிப்பது) கனத்த கார்டுகளும் தாவல்களுமாக இருக்கும். நல்ல தேர்ச்சி உள்ளவர்களே மூச்சு வாங்கும் இடங்கள் உண்டு. நான்காம் கிரேடோடு பதினாறு வருடம் விட்டுப்போன ஒருத்தி கையில் எடுக்கக் கூடாத நோட்டு. எஃப் ஷார்ப் மைனரில் ஆரம்பித்து, நடுவில் எஃப் ஷார்ப் மேஜருக்குப் போகும்போது ஆறு ஷார்ப், அதாவது ஆறு சுரங்களை அரைப்படி உயர்த்தி வாசிக்க வேண்டும். இதைவிட எளிதாக்கிய வடிவங்கள் நிறைய இருக்கின்றன. பிராம்ஸ் 1897-இல் இறந்தவர், அவர் இசைக்குக் காப்புரிமை கிடையாது, பழைய பதிப்புகள் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நோட்டு நூலகத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. கடையில் நோட்டு வாங்கும் முன் அங்கே ஒருமுறை பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் கைக்கு எது ஆகும் என்று பார்த்தவுடனே தெரியும். எளிதாக்கிய பதிப்பை எடுப்பது கௌரவக் குறைவு என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. பணத்தைவிட அதிகமாக என்னைக் கெடுத்தது அந்த எண்ணம்தான்.

பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் அலுவலகம் விட்டு வந்து தினம் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தேன். இணையத்தில் ஒரு காணொளியை ஓடவிட்டு அந்த வேகத்தைத் துரத்தினேன். முதல் பக்கம் ஓரளவு ஓடியது. ஓடியது என்றால் சுரங்கள் வரிசையாக வந்தன, அவ்வளவுதான். வேகம் ஏற ஏற மணிக்கட்டு இறுகிக்கொண்டே போனது எனக்குத் தெரியவில்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகட்டிப் பிடித்த நிலையிலேயே ஆக்டேவ்களை அடித்துக்கொண்டிருந்தேன். மார்ச் கடைசியில் கட்டைவிரல் அடியில் ஒரு சுருக் வலி. வெந்நீரில் கையை வைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். ஏப்ரல் இரண்டாம் வாரம் ஒரு காலை பால் டப்பாவைத் திறக்க முடியவில்லை. மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் வீங்கியிருந்தது. தனியார் மருத்துவரிடம் இரண்டு முறை போனதற்கு 60,000. தசைநாணில் அழற்சி என்றார். ஆறு வாரம் வாசிக்கக் கூடாது, கட்டு போட வேண்டும். அப்புறம் பத்து முறை இயன்முறைச் சிகிச்சைக்கு 1,20,000. அந்த ஆறு வாரத்தில் தலை பின்னிக்கொள்வதுகூடக் கஷ்டமாக இருந்தது. அம்மாவிடம் போனில் ஒன்றும் சொல்லவில்லை. காணொளி அழைப்பில் கட்டுப்போட்ட கை தெரியாமல் பிடித்துக்கொண்டேன்.

வலி வரும் முன்பே கை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. வாசித்து முடித்ததும் முன்கை கல் போல இருக்கும், விரல்களை உதறத் தோன்றும், தோள் காதுப்பக்கம் ஏறியிருக்கும். இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். இப்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன். ஆக்டேவ் வரும் இடங்களில் மேல் சுரத்தை மட்டும் வாசித்துப் பழகுகிறேன். கை திறந்து அகலும் பயிற்சியை ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. வலியோடு வாசித்தால் பழகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஜூன் விழாவில் நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுவே கனமாக இருந்தது. அடுத்த வாரம்தான் ஒரு ஆசிரியையைத் தேடிப் போனேன். ஆறு மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. அறுபது வயது இருக்கும், இசைப்பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். 45 நிமிடத்துக்கு 8,000 ஃபோரிண்ட். நான் செலவழித்த பணத்தை வகுத்துப் பார்த்தால் இவரிடம் ஏறக்குறைய அறுபது வகுப்பு. அந்தக் கணக்கை ஒரு இரவு போட்டுப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் தூங்கவில்லை.

முதல் வகுப்பில் நான் வாசித்ததை முழுதாகக் கேட்டார். "சுரம் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் இது ஹங்கேரிய மொழியில் இல்லையே" என்றார். எனக்குப் புரியவில்லை. குளிர்காலத்தில் மேலே என்ன போட்டுக்கொள்வீர்கள் என்று கேட்டார். கபாத் என்றேன். கோட்டுக்கு இங்கே கபாத். மறுபடி சொல்லச் சொன்னார். நான் "கபாத்" என்று நெடிலில் அழுத்திச் சொன்னேன். அவர் திருத்தினார். ஹங்கேரிய மொழியில் எந்தச் சொல்லாக இருந்தாலும் அழுத்தம் முதல் அசையில்தான். அந்த அசை குறிலாக இருந்தாலும் சரி. கபாத் என்பதில் 'க' சின்னது, ஆனால் அடி அதன்மேல் விழுகிறது. 'பா' நீளமானது, ஆனால் அது அடியின் நிழலில் நீள்கிறது. இந்த மொழியைப் பேசுகிறவர்கள் பாடி ஆடிய இசையிலும் அதேதான். குட்டிச் சுரத்தில் அடி, நீண்ட சுரத்தில் ஓய்வு. நான் எல்லா இடத்திலும் நீண்ட சுரத்தைத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து தமிழில் ஒரு சொல் தேடினேன். நிலா. பள்ளியில் குறில் நெடில் சேர்ந்தால் நிரை என்று படித்தோமே, அதே வடிவம். 'நி'யில் விரலைப் போட்டு, 'லா'வில் கையைத் தளர்த்தி, நிலா நிலா என்று சொல்லிக்கொண்டே வாசித்தேன். ஒரு வாரத்தில் வித்தியாசம் எனக்கே கேட்டது. மணிக்கட்டுக்கும் அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கைக்கு ஒரு தளர்வு தானாகவே கிடைத்தது.

அவர் அடுத்துச் செய்தது பிராம்ஸை மூடி வைத்தது. ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்தோக் குழந்தைகளுக்காக எழுதிய சின்னச் சின்னத் துண்டுகளைக் கொடுத்தார். பார்தோக்கும் இன்னொரு இசையமைப்பாளரான கொடாயும் 1906 வாக்கில் எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்தவர்கள். அதுவரை ஹங்கேரிய இசை என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் நகரத்து இசை, ரோமா இனத்து வாத்தியக்காரர்கள் உணவகங்களிலும் விருந்துகளிலும் வாசித்த இசை. நான் கேட்டு மயங்கியதும் அதுதான். பிராம்ஸுக்கும் அது வந்த வழி அப்படித்தான். ரெமேனி என்ற ஹங்கேரிய வயலின்காரரோடு 1853-இல் அவர் ஊர் ஊராகப் போய் வாசித்தார். ஐந்தாம் நடனத்தின் மெட்டு நாட்டுப்பாடல் என்றே அவர் நினைத்தார். உண்மையில் அது பெலா கேலர் என்பவர் இயற்றிய சார்தாஷ். பார்த்ஃபா ஊரின் நினைவாக என்று அதற்குப் பெயர். அந்த ஊர் இப்போது ஸ்லோவாக்கியாவில் பார்தெயோவ் என்ற பெயரில் இருக்கிறது. இந்த வரலாறு எனக்கு வாசிப்பிலும் உதவியது. மெட்டை வயலின்காரர் ஒருவர் நின்றபடி வாசிப்பதாக மனதில் வைத்துக்கொண்டால் எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது தன்னால் வரும்.

இதில் நம் காதுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். அக்கா கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்றவள். ஹங்கேரிய மைனர் என்று சொல்லும் சுர வரிசையை அவளுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். ஏ, பி, சி, டி ஷார்ப், இ, எஃப், ஜி ஷார்ப். முடிக்கும் முன்பே "சிம்மேந்திரமத்யமம்டி இது" என்றாள். சுரங்கள் அச்சாக அதேதான், பிரதி மத்யமத்திலிருந்து காகலி நிஷாதம் வரை. இது நகரத்து இசையின் நிறம். பார்தோக் சேகரித்த பழைய கிராமத்துப் பாட்டுகளில் இந்தச் சுர வரிசை இல்லை. அவை பெரும்பாலும் ஐந்து சுரம். ஏ, சி, டி, இ, ஜி. அது சுத்த தன்யாசி. கமகமும் பாடும் முறையும் வேறு, ராகத்தை அப்படியே கொண்டுபோய் ஒட்ட முடியாது. ஆனால் சுரங்களை மனப்பாடம் செய்யும் வேலை எனக்குப் பாதியாகக் குறைந்தது. உங்களுக்குக் கொஞ்சமாவது பாட்டு ஞானம் இருந்தால், நோட்டைத் திறக்கும் முன் மெட்டைச் சுரமாகப் பாடிப் பழகுங்கள். வாயில் வராதது விரலில் வர நாளாகும்.

இடதுகை மட்டும் ஆகஸ்ட் வரை சரியாகவே இல்லை. பேஸ் சுரம் தாளத்தின்மேல், கார்டு தாளத்துக்கு நடுவில், தும்-சக், தும்-சக் என்று போக வேண்டும். இங்கே அதற்கு எஸ்டம் என்று பெயர், குழுவில் பேஸ்காரரும் துணை வயலின்காரரும் பங்கிட்டுக்கொள்வது. என் கையில் இரண்டும் ஒரே கனத்தில் விழுந்தன. ஆசிரியை சொல்லிப் பார்த்துவிட்டு, "வாசிக்க வேண்டாம், போய் ஆடிப் பாருங்கள்" என்று அனுப்பினார். இங்கே தான்ட்ஸ்ஹாஸ் என்று ஒன்று உண்டு, நடன வீடு. 1972-இல் புடாபெஸ்டில் இளைஞர்கள் ஆரம்பித்தது. மேடை, பார்வையாளர் என்ற பிரிவு கிடையாது, வந்தவர்கள் எல்லாரும் ஆட வேண்டியதுதான். 2011-இல் யுனெஸ்கோ இதை மரபைக் காப்பதற்கு நல்ல முன்மாதிரி என்று பட்டியலில் சேர்த்தது. ஃபோனோ என்ற இசைக்கூடத்துக்குத் தனியாகப் போனேன், வாசலிலேயே திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். ஒரு அம்மாள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். வலப்பக்கம் இரண்டு அடி, இடப்பக்கம் இரண்டு அடி, அவ்வளவுதான் அடிப்படை. ஆனால் முழங்கால் ஒவ்வொரு தாளத்திலும் கீழே இறங்குகிறது. உடம்பின் முழுக் கனமும் தாளத்தில் தரைக்குப் போகிறது, நடுவில் வரும் 'சக்' உடம்பைத் திரும்ப மேலே எடுத்துக்கொடுக்கிறது. இரண்டு பாட்டு ஆடியதும் எனக்குப் புரிந்துவிட்டது. என் கார்டுகள் ஆடுபவரை மேலே தூக்காமல் தலையில் தட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தன. அன்று ராத்திரி வீட்டில், ஐந்தாம் விரலைக் கனமாக இறக்கிவிட்டு, கார்டை மேல்நோக்கிக் கையை எடுக்கிற போக்கிலேயே தொட்டுப் பார்த்தேன். வந்தது.

பாட்டு அடி முடியும் இடங்களில் ஒரு குறிப்பிட்ட தாளக் கட்டு வரும், அதற்குப் போகாஸோ என்று பெயர், கணுக்காலைக் கணுக்காலோடு தட்டுவது. பழைய நாளில் படைக்கு ஆள் சேர்க்க ஆடிய வெர்புங்கோஷ் ஆட்டத்தில் ஆண்கள் பூட்ஸைத் தட்டி முடிப்பதிலிருந்து வந்தது. நோட்டில் அது நாலைந்து சாதாரணச் சுரம்தான். கண்ணால் பார்த்த பிறகு அதைச் சாதாரணமாக வாசிக்க மனம் வரவில்லை. செலவில்லாமல் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்த ஒரு மாலைதான். ஊரில் இருப்பவர்களும் காணொளியில் நடனக்காரர்களின் கால்களைப் பாருங்கள். பியானோ வாசிப்பவரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குக் கிடைத்தது வலி ஒன்றுதான்.

இப்போது நான் பயிலும் முறையைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடம் இடதுகை மட்டும், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 அடி வைத்து. அடுத்தது மெட்டு மட்டும், மெட்ரோனோம் இல்லாமல், பாடிக்கொண்டே. நடுப்பகுதியில் வேகம் சட்டென்று தளர்ந்து மறுபடி பாயும் இடங்கள் உண்டு. அதை மெட்ரோனோம் கற்றுத்தராது, தளர்வு எவ்வளவு என்பது மூச்சில்தான் இருக்கிறது. ஆனால் தாளத்தில் கட்டாக வாசிக்கத் தெரியாதவர் தளர்த்தினால் அது தடுமாற்றமாகத்தான் கேட்கும், ஆகவே இரண்டும் வேண்டும். மூன்றாவதாகத்தான் இரண்டு கைகளும் சேரும், எட்டு எட்டுத் தாளக் கட்டமாக. ஒரு துண்டு தொடர்ந்து மூன்று நாள் தவறில்லாமல், கை இறுகாமல் வந்தால் மட்டும் நான்கு எண் ஏற்றுவேன். 60-லிருந்து 96 வர எனக்கு நான்கு மாதம் ஆனது. பிராம்ஸே வாசித்த ஒரு பதிவு இருக்கிறது, 1889 டிசம்பரில் வியன்னாவில் மெழுகு உருளையில் எடுத்தது, முதலாம் நடனத்தின் ஒரு பகுதி. பெரும்பாலும் இரைச்சல்தான். அந்த இரைச்சலைத் தாண்டித் தாளத்தின் உந்தல் மட்டும் காதுக்கு வந்து சேர்கிறது. சுரங்கள் அழிந்த பின்னும் தாளம் நிற்கிறதே என்று அதைக் கேட்ட இரவில் எனக்குக் கண் கலங்கியது.

அக்கம்பக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். கீழ்வீட்டுப் பாட்டி மார்ச் மாதமே ஒருமுறை கதவைத் தட்டி, ஒரே எட்டு வரியை எத்தனை தடவை கேட்பது என்று வருத்தத்தோடு கேட்டார். நியாயம்தான். அன்றைக்கு நான் கூச்சத்தில் மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். அதைவிட, முதல் நாளே போய், நேனி, எந்த நேரத்தில் வாசித்தால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது என்று கேட்டிருக்கலாம். இங்கே வயதான பெண்களை நேனி என்றுதான் கூப்பிடுவார்கள். இலையுதிர்காலத்தில் ஒரு நாள் பாப்பிவிதைக் கேக்கோடு போய்க் கேட்டேன். மாலை ஐந்திலிருந்து ஆறு, அப்போது அவர் கடைக்குப் போய்விடுவாராம். மற்ற நேரம் காதொலிக்கருவி. மாதக்கணக்காகப் பயந்துகொண்டிருந்த விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

டிசம்பர் 2023-இல் ஆசிரியை தன் மாணவர்களை வைத்து வீட்டிலேயே ஒரு சின்ன மாலை நடத்தினார். பன்னிரண்டு நாற்காலி. மற்ற மாணவர்கள் எல்லாம் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள். நாங்கள் இரண்டு பேரும் ஐந்தாம் நடனத்தை அது முதலில் எழுதப்பட்டபடியே நான்கு கைகளில் வாசித்தோம். மேல்பகுதி அவர், கீழ்ப்பகுதி நான். கீழ்ப்பகுதி முழுக்க எஸ்டம்தான், மெட்டு ஏறக்குறைய இல்லை. தனியாக வாசிக்கத் துடிக்கும் யாருக்கும் இந்த வழியைச் சொல்வேன். துணை ஆள் கிடைத்தால் முதலில் கீழ்ப்பகுதியைக் கற்றுக்கொள்ளுங்கள். கைக்குச் சுமை குறைவு, நடனத்தின் கால் அங்கேதான் இருக்கிறது, மேலே வாசிப்பவர் இழுக்கும்போது காத்திருக்கவும் பாயும்போது பிடிக்கவும் காது பழகும். அன்றைக்கு நடுப்பகுதியில் அவர் எதிர்பாராத அளவுக்கு இழுத்தார். கை காற்றில் நின்றது. அவர் தோள் லேசாகத் தாழ்ந்ததைப் பார்த்தேன், சேர்ந்தே இறங்கினோம். முன்வரிசையில் ஒரு பையன் உட்கார்ந்தபடியே குதிகாலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

தனியாக வாசிக்கும் வடிவம் இன்னும் முடியவில்லை. எளிதாக்கிய பதிப்பில் முதல் பகுதி 96-இல் நிற்கிறது, நடுப்பகுதி 72. மணிக்கட்டுக் கட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது, குளிர் அதிகமான நாட்களில் எடுத்து மாட்டிக்கொள்கிறேன். போன மாதம் காணொளி அழைப்பில் அம்மாவுக்குக் கையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். திட்டி முடித்துவிட்டு, போனைப் பியானோமேல் வைத்துவிட்டு வாசி என்றார். லாஷ்ஷூவிலிருந்து ஆரம்பித்தேன்.